கரி அடுப்பு எந்தப் பக்கம்? ஐரோப்பா கிளம்பும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், பூச்சோங், ஷா ஆலாம் வட்டாரங்களில் இருந்து ஆண்டிறுதி விடுமுறைக்கு ஐரோப்பா கிளம்பும் குடும்பத்தாருக்கும் நண்பர் குழுவினருக்கும்,



உங்கள் பெட்டிகளில் என்ன இருக்கும் என்று கண்டுபிடிக்கச் சுங்க அதிகாரி தேவையில்லை. மெகி குவளைகள், நெத்திலி சம்பால், துண்டில் சுற்றிய ஊறுகாய்ப் புட்டி, பெரியவர்கள் உடன் வந்தால் ஒரு சின்ன ரைஸ் குக்கர். பாரிஸ் போனதும் லா ஷப்பேல் பக்கம் ஈழத் தமிழர் கடைகளில் ஒருவேளைச் சோறு நிச்சயம். அதற்குப் பிறகு ஒரு மாலை வரும். ரொட்டியும் சீஸும் அலுத்துப்போய், கொண்டுபோன மெகியும் தீர்ந்த நேரத்தில், குழுவில் இளையவர் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "பக்கத்துத் தெருவில ஜப்பான்காரர் கடை இருக்காம், கோழி சுட்டுத் தருவாங்களாம், போவோமா?" என்பார். அந்த மாலைக்காகத்தான் இந்த மடல்.

யோசனை நல்ல யோசனைதான். சோறு கிடைக்கும், நெருப்பில் வாட்டிய கோழி கிடைக்கும், பாலாடை ஊற்றிய குழம்பு எதுவும் தட்டில் வராது. ஆனால் ஐரோப்பாவில் ஜப்பான் பலகை மாட்டிய கடைகள் எல்லாவற்றிலும் ஒரே சரக்கு இல்லை. இருபது, முப்பது யூரோ கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இதற்குக் காஜாங்கிலேயே சாத்தே சாப்பிட்டிருக்கலாமே என்று முணுமுணுத்தபடி விடுதிக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் சிவப்புக் காகித விளக்கைப் பார்த்தார்கள், வாசலில் கையாட்டும் பொம்மைப் பூனையைப் பார்த்தார்கள், பணியாளர் முகத்தைக்கூடப் பார்த்தார்கள். அடுப்பை மட்டும் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் ஜப்பானியச் சாப்பாடு நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1982-இல் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு இங்கே ஜப்பானிய ஆலைகள் பெருகின. ஷா ஆலாமில் வேலை பார்த்த அப்பாக்கள், மாமாக்கள் பலருக்கு மேலாளர் ஜப்பானியர். மலேசியாவில் 1977-இல் தொடங்கிய பொன் ஓடோரி என்ற ஜப்பானிய விழா நடப்பதும் அதே ஷா ஆலாமில்தான். மொன்ட் கியாராவில் ஜப்பானியக் குடும்பங்களை நம்பியே கடைகள் ஓடுகின்றன. 1995-இல் சூஷி கிங் வந்தபின் பேரங்காடிக்குப் போகும் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் சூஷி புதினம் இல்லை. (தாத்தா பாட்டிமார் சொல்லும் 'ஜப்பான்காரன் காலம்' வேறு. அதில் வருவது மரவள்ளிக்கிழங்கும் சயாம் ரயில் பாதையும்தான். அந்தத் தலைமுறையில் சிலர் கடைசிவரை ஜப்பான் கடை வாசலை மிதிக்கவில்லை. அதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது.)

பேரங்காடி உணவுக்கூடங்களில் நமக்குப் பழக்கமான 'ஜப்பானியச் சுட்ட உணவு' தெப்பன்யாக்கி. அது இரும்புத் தகட்டில் வதக்குவது. கோபே நகரின் மிசோனோ கடையில் 1945-இல் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. 1964-இல் நியூயார்க்கில் ரொக்கி அவோக்கி திறந்த பெனிஹானா, அதைக் கரண்டியைச் சுழற்றி முட்டையைத் தூக்கிப்போடும் வித்தையாக்கி உலகமெங்கும் அனுப்பியது. ஐரோப்பாவிலும் அந்த வித்தை கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், போய்ப் பாருங்கள். இந்த மடல் அதைப் பற்றியது அல்ல.

இது யாக்கிதோரி பற்றியது. கோழியைத் துண்டு போட்டு, மூங்கில் குச்சியில் குத்தி, கரி நெருப்பின் மேல் சுடும் கடைகள். கேட்டால் எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல யாக்கிதோரிக் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்தால், ஒரு கோழிக்குள் இத்தனை ஊர்கள் இருக்கின்றனவா என்று தோன்றும். தொடைக்கறி தனி, தொடைக்கறிக்கிடையே பச்சை வெங்காயத் தண்டு வைத்தது தனி. தோலை மட்டும் மடித்து மடித்துக் குத்தி முறுகச் சுட்டது ஒரு குச்சி. ஈரல், இதயம், இரைப்பை, கழுத்துக்கறி, மார்பு எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்பு, கொத்திய கறியை உருட்டிச் செய்த உருண்டை என்று பட்டியல் நீளும். வால்கூட உண்டு. பசார் மாலாமில் குச்சியில் குத்தி விற்கும் கோழி வாலை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தோக்கியோவில் அதே வால் மரியாதையாக, ஒரு கோழிக்கு ஒன்றுதான் என்ற கணக்கோடு வரும் என்பது தெரிந்தால் மகிழ்ச்சியாக இருக்கும்.

சுவைக்கு இரண்டே வழி. ஒன்று உப்பு. இன்னொன்று சோயா, சர்க்கரை, மிரின், சாக்கே எனும் அரிசி மதுக்கள் சேர்த்துக் காய்ச்சிய தாரே என்ற குழம்பு. சுடும்போதே குச்சியைத் தாரேப் பானையில் முக்கி முக்கி எடுப்பார்கள். பானையைக் காலி செய்து கழுவுவது வழக்கமில்லை. குறையக் குறையப் புதிதை ஊற்றுவார்கள். ஆயிரக்கணக்கான குச்சிகளில் இருந்து சொட்டிய நெய்யும் புகையும் அதில் இறங்கியிருக்கும். கடையின் கைமணம் என்று சொல்வது பெரும்பாலும் அந்தப் பானைக்குள்தான் இருக்கிறது. பிறகு, எல்லாக் குச்சியும் ஒரே தட்டில் மொத்தமாக வராது. ஒன்றிரண்டாகச் சுட்டுச் சுட்டு வரும், ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். ஒரே தட்டில் எட்டுக் குச்சி, கூடவே சோறு, சூப்பு, கோஸ் சாலட் என்று 'செட்' வந்து இறங்கினால் அது வேறு வகைக் கடை.

இது பழங்காலத்து அரச விருந்து என்று யாராவது கதை விட்டால் நம்ப வேண்டாம். ஜப்பானில் நெடுங்காலம் இறைச்சி பொது உணவாக இல்லை. மெய்ஜி காலத்தில் தெருவோரக் கடைகளில் குச்சியில் சுட்டு விற்றது பெரிய உணவகங்கள் கழித்த துண்டுகளையும் உள்ளுறுப்புகளையும்தான். கோழியே அப்போது விலை உயர்ந்த சரக்கு. போருக்குப் பின், 1960-கள் வாக்கில் அமெரிக்க வகை பிராய்லர் கோழி பெருகிய பிறகே ரயில் நிலையத்தைச் சுற்றி, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் சாப்பாடாக யாக்கிதோரி ஊர் முழுக்கப் பரவியது. நம் அங்காடிக் கடைகளின் பிறப்புக் கதையும் ஏறக்குறைய இப்படித்தான்.

சரி, அடுப்புக்கு வருவோம்.

சிறந்த யாக்கிதோரிக் கடைகள் கொண்டாடுவது 'பின்ச்சோதான்' என்ற கரியை. வக்காயாமா மாநிலத்தின் கீஷூ பகுதியில், உபாமே என்ற ஓக் வகை மரத்தில் செய்வது பெயர்பெற்றது. மரத்தைச் சூளையில் மெதுவாகக் கரியாக்கி, கடைசியில் காற்றைத் திறந்துவிட்டு ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூட்டை ஏற்றுவார்கள். தகதகவென்று சிவந்த நிலையிலேயே வெளியே இழுத்து, ஈரச் சாம்பலும் மணலும் கலந்து மூடி அணைப்பார்கள். அப்படி வரும் கரி கல்லைப்போல் கெட்டியாக இருக்கும். ஒன்றோடொன்று தட்டினால் உலோகம்போல் கணீரென்று ஒலிக்கும். புகை மிகக் குறைவு, சுவாலை கிடையாது, சூடு மட்டும் மணிக்கணக்கில் குறையாமல் நிற்கும். அதனால்தான் தோல் முறுகும் நேரத்தில் உள்ளே கறி வறண்டுபோவதில்லை. புகை மணம் வேண்டுமானால் கோழியின் நெய்யே கரியில் சொட்டி அதைக் கொடுத்துவிடும். சுடுகிறவர் கையில் ஒரு விசிறி இருக்கும். நெருப்பை ஏற்றுவதும், சாம்பலைத் தள்ளுவதும், நெய் சொட்டிச் சுவாலை எழுந்தால் அடக்குவதும் அந்த விசிறியால்தான்.

விசிறியைச் சொன்னதும் உங்களுக்குக் காஜாங் நினைவு வந்திருக்க வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவில் இருந்து வந்த தஸ்மின் சகிபான் குடும்பத்தாரோடு தொடங்குகிறது காஜாங் சாத்தேயின் கதை. 2017-இல் எம்ஆர்டி வந்தபின் பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குக் காரை எடுக்கக்கூட வேண்டியதில்லை. மேசையில் உட்கார்ந்து கச்சான் குழம்பு வரும்வரை நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? நீண்ட இரும்புத் தொட்டி, அதில் கரி, மேலே வரிசையாகக் குச்சிகள், எண்ணெய் தடவி விசிறிக்கொண்டு புரட்டும் ஆள். கறி காய்ந்திருக்கிறதா, வெளியே கருகி உள்ளே வேகாமல் வந்திருக்கிறதா, முன்பே சுட்டு வைத்ததைச் சூடுகாட்டித் தருகிறார்களா என்று முதல் கடியிலேயே சொல்லிவிடுவீர்கள். சாத்தே சுடுகிறவர் ஜாவாக்காரரா, வங்காளதேசத்தில் இருந்து வேலைக்கு வந்தவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்தக் கண்ணையும் நாக்கையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பதுதான் வேண்டுகோள்.

நமக்கும் ஜப்பானியருக்கும் கரி விஷயத்தில் நேரடிக் கொடுக்கல் வாங்கலே உண்டு. பேராக்கில் கோலா செப்பாத்தாங் போனவர்கள் அங்குள்ள கரிச் சூளைகளைப் பார்த்திருப்பீர்கள். செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய, ஆள் உள்ளே நின்று வேலை பார்க்கும் அளவுக்குப் பெரிய குமிழ்கள். மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் சுமார் 40,000 ஹெக்டேர் பரப்பு 1900-களின் தொடக்கத்தில் இருந்தே முறைவைத்துப் பராமரிக்கப்படுகிறது. கரிக்கென 30 ஆண்டு வளர்ந்த பக்காவ் மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டி, மறுபடி நடுகிறார்கள். ஒரு சூளைக்குள் சுமார் 40 டன் மரம் போனால் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துப் 10 டன் கரி வரும். எப்போது சூளையை மூடுவது என்பதைப் பழைய கைகள் வெளிவரும் புகையின் வாசனையை வைத்தே முடிவு செய்கிறார்கள். அந்தக் கரியில் பெரும்பகுதி போவது ஜப்பானுக்கு. 'பின்ச்சோதான்' கரி அளவுக்குப் பெருமை அதற்கு இல்லை. ஆனால் அங்கே இறைச்சி சுடும் அடுப்புகளில் நம் பக்காவ் மரமும் எரிகிறது. கோலா செப்பாத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885-இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கில் இருந்து ஓடியது அங்கேதான். வாரக் கடைசியில் இறால் மீ சாப்பிடப் போகிறவர்கள் சூளையையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

இனி பாரிஸ். ஓப்பெரா பக்கம் செயின்ட் ஆன் தெருவில் ஜப்பானியர் நடத்தும், ஜப்பானியர் சாப்பிடும் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் நகரின் மற்ற மூலைகளில் உங்கள் கண்ணில் முதலில் படுவது வேறு வகை. கண்ணாடியில் படம் படமாக ஒட்டியிருக்கும். ஏ1, பி2 என்று எண் போட்ட செட்டுகள். மிசோ சூப்பு, இனிப்பு வினிகரில் புரட்டிய கோஸ், ஒரு கிண்ணம் சோறு, நாலைந்து குச்சி. அந்தக் குச்சிகளில் ஒன்று மெல்லிய மாட்டிறைச்சிக்குள் சீஸை வைத்துச் சுருட்டிச் சுட்டது. ஜப்பானில் போய் இதைக் கேட்டால் விழிப்பார்கள். இக்கடைகளில் பலவற்றை நடத்துவது சீன வம்சாவளிக் குடும்பங்கள். சூஷி, யாக்கிதோரி இரண்டையும் ஒரே பலகையில் எழுதுவதும் இவர்கள் பழக்கம்தான். தோக்கியோவில் நல்ல சூஷிக்காரர் கோழி சுட மாட்டார், கோழி சுடுகிறவர் சூஷி பிடிக்க மாட்டார்.

இதை மோசடி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஜப்பானிய அரசாங்கமே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 2006-இல் விவசாய அமைச்சராக இருந்த தொஷிகாட்ஸு மட்சுவோக்கா, அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு கடையில் சூஷியும் கொரிய இறைச்சிச் சூட்டும் பக்கத்துப் பக்கத்தில் விற்பதைக் கண்டு திகைத்துப்போய், வெளிநாட்டு ஜப்பானிய உணவகங்களுக்கு அரசு முத்திரை தரும் திட்டத்தை முன்வைத்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அதற்கு 'சூஷி போலீஸ்' என்று பெயர் வைத்துக் கேலி செய்தன. திட்டம் சுருங்கிப்போய், வெளிநாட்டுக் கடைகளுக்குப் பரிந்துரையும் ஆலோசனையும் தரும் அமைப்பாக முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்று ஜப்பான் முழுக்கக் கூட்டம் அலைமோதும் 'யாக்கினிகு', அதாவது மேசையிலேயே அடுப்பு வைத்து இறைச்சி சுடும் சாப்பாடு, ஜப்பானில் குடியேறிய கொரியர்கள் வளர்த்தெடுத்தது. அமைச்சர் அதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. 2016-இல் அதே அமைச்சகம் கொஞ்சம் புத்திசாலித்தனமாக இறங்கி வந்தது. கடைக்கு முத்திரை போடாமல், சமையற்காரருக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று தரத்தில் சான்றிதழ் தரத் தொடங்கியது. அது வெளிநாட்டுச் சமையற்காரர்களுக்கானது. என்ன பயிற்சி, எவ்வளவு அனுபவம் என்பதுதான் கணக்கு. அமைச்சகத்தின் மதிப்பீட்டில் 2006-இல் உலகில் ஜப்பானுக்கு வெளியே சுமார் 24,000 ஜப்பானிய உணவகங்கள் இருந்தன. 2023-இல் சுமார் 1,87,000. இத்தனைக்கும் போலீஸ் வேலை பார்க்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

பாரிஸ்காரர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நாமும் நம் தட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. 'இந்தியன் மீ கோரேங்' இந்தியாவில் எங்கே கிடைக்கிறது? ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்து மிலோவோடு சாப்பிடுகிறவரைத் திருச்சியில் யாரும் தங்கள் ஊர்க்காரர் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் 2024 டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது அது நம்முடையது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. சீஸ் வைத்த மாட்டிறைச்சிக் குச்சியும் அதுபோல் பாரிஸ் பிள்ளைகளின் சொந்தச் சாப்பாடு. மாணவர் காலத்து மலிவு விலை விருந்து. அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். யாக்கிதோரி என்று நினைத்துக்கொண்டு அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அதே நேரம், எதையும் எப்படியும் சொல்லிக்கொள்ளலாம் என்றும் விட்டுவிட முடியாது. 2018-இல் பிரிட்டன் மாஸ்டர்செஃப் நிகழ்ச்சியில் மலேசியாவில் பிறந்த சலேஹா காடிர் ஒல்பின் நாசி லெமாக்கோடு கோழி ரெண்டாங் வைத்தபோது, தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னது நினைவிருக்கும். பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. நாடே இரண்டாகப் பிரிந்து நின்ற நேரத்தில், நஜிப்பும் மகாதீரும்கூட ரெண்டாங் விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். வேறு ஊர்க்காரர் ரெண்டாங் சமைக்கலாம். அவர் விருப்பப்படி காரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காக வற்றிய கறியிடம் மொறுமொறுப்பைக் கேட்பது, சமையல் எப்படி நடக்கிறது என்பதே தெரியாமல் பேசுவது. யாக்கிதோரிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கோழி பிரான்சில் வளர்ந்ததாக இருக்கலாம், ஐரோப்பாவில் பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கோழிதான். சுடுகிறவர் போலந்துக்காரராக இருக்கலாம். கரி இந்தோனேசியாவில் இருந்து வந்திருக்கலாம். நெருப்பும், அதன் முன்னால் நகராமல் நிற்கும் ஓர் ஆளும் இல்லாமல் மட்டும் முடியாது. முன்பே வேகவைத்து உறைய வைத்த குச்சியை வாட்டி, மேலே கெட்டிச் சாற்றை ஊற்றித் தந்தால் தோக்கியோவில் தந்தாலும் அது தேறாது.

சமைப்பவரின் ஊர் அல்ல, அடுப்பும் பழகிய கையும்தான் முக்கியம் என்பதற்கு லண்டனில் நல்ல சான்று உண்டு. 2002-இல் நைட்ஸ்பிரிட்ஜில் திறந்த சூமா, அங்குள்ள பணக்காரர்களுக்கு ரொபாத்தா அடுப்பை அறிமுகப்படுத்திய கடைகளில் ஒன்று. ரொபாத்தா என்பது செந்தாய் நகரில் 1950 வாக்கில் உருவான பாணி. சமையற்காரர் அடுப்பைச் சுற்றி மீன், காய், கறி எல்லாவற்றையும் அடுக்கி வைத்துச் சுட்டு, நீண்ட மரத் துடுப்பில் வைத்து வாடிக்கையாளரிடம் நீட்டுவார். சூமாவைத் தொடங்கிய ரெய்னர் பெக்கர் ஒரு ஜெர்மானியர். தோக்கியோவில் ஆறு ஆண்டுகள் சமையலறையில் இருந்துவிட்டு வந்தவர். விலையைக் கேட்டால் நமக்கு நெஞ்சு அடைக்கும், அது வேறு சங்கதி. கோழிக்கென்றே போவதானால் மெரிலபோன் பகுதியில் ஜுன்செய் போன்ற யாக்கிதோரிக் கடைகள் இருக்கின்றன. லண்டனில் இருக்கும்போது யூஸ்டன் நிலையத்துக்கு அருகே டோரிக் வே தெருவில் ரொட்டி கிங் வாசலில் நிற்கும் வரிசையையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஈப்போவில் பிறந்த சுகேன் கோபால் நடத்தும் கடை. வரிசையில் நிற்கும் ஆங்கிலேயர் யாரும் இது அசலா என்று கேட்பதில்லை. மாவு வீசும் கையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பாரிஸ், சூரிக் நகரங்களின் சமையலறைப் பின்கட்டுகளில் ஈழத் தமிழர் உழைப்பு எவ்வளவு என்பது அங்கே உறவினர் இருக்கும் எவருக்கும் தெரியும். இத்தாலியக் கடை, பிரெஞ்சுக் கடை என்ற வேறுபாடு கிடையாது. ஜப்பான் கடை ஒன்றில் உங்கள் தமிழ்ப் பேச்சைக் கேட்டு உள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தால், அண்ணை என்று கூப்பிட்டு அடுப்பு கரியா, மின்சாரமா என்று நேரடியாகக் கேட்டுவிடலாம். அதைவிட நம்பகமான சான்றிதழை எந்த அமைச்சகமும் தராது.

ஐரோப்பாவில் ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அது பாரிசும் வேண்டாம், லண்டனும் வேண்டாம். ஜெர்மனியின் டுசல்டோர்ப் போங்கள். சுற்றுலாக் குழுக்கள் பொதுவாக இந்த ஊரை விட்டுவிட்டு கொலோன் தேவாலயத்தோடு திரும்பிவிடுகின்றன. அங்கிருந்து அரை மணி நேர ரயில். 1950-களில் ரூர் பகுதியின் எஃகும் இயந்திரங்களும் வாங்க ஜப்பானிய நிறுவனங்கள் இங்கே கிளை திறந்தன. ஆட்கள் வந்தார்கள், பிறகு குடும்பங்கள் வந்தன. 1971-இல் ஜப்பானியப் பள்ளி தொடங்கியது. இன்று நகரில் சுமார் 8,000 ஜப்பானியர் வசிக்கிறார்கள். ரைன் ஆற்றின் அக்கரையில் அவர்களுக்கு ஒரு பௌத்த ஆலயமே இருக்கிறது. தலைமை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே தொடங்கும் இம்மெர்மன் தெருவில் தெருப்பெயரே ஜப்பானிய எழுத்திலும் எழுதியிருக்கும். இங்கே கடைகள் சுற்றுலாப் பயணியை நம்பி நடக்கவில்லை. அலுவலகம் முடிந்து கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு வரும் ஜப்பானிய ஊழியரை நம்பி நடக்கின்றன. அவருக்கு வாயில் வைத்ததும் தெரிந்துவிடும், நாளைக்கு வேறு கடைக்குப் போய்விடுவார். அந்தப் பயம் ஒரு கடைக்கு நல்லது. குச்சிக் கடை என்றால் அதே தெருவில் குஷி-தெய் நெடுநாளாகப் பெயர் பெற்றது. 2002 முதல் ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் நடக்கும் ஜப்பான் நாளன்று ஆற்றங்கரை முழுக்கக் கடைகள், இரவில் வாணவேடிக்கை. அன்று அமைதியாகச் சாப்பிட இடம் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், பல லட்சம் பேர் கூடுவார்கள்.

நமக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. யாக்கிதோரிக் கடை என்றாலும் கோழி மட்டும் இருக்காது. பன்றி வயிற்றுக்கறி, மாட்டு நாக்கு, பன்றிக்கறி சுற்றிய அஸ்பாரகஸ் தண்டு எல்லாம் அதே கம்பி வலை மேல் சுடப்படும். மாட்டிறைச்சி தொடாதவர்கள் கியூ, பன்றி வேண்டாதவர்கள் பூத்தா என்ற இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொண்டால் பட்டியலில் அவற்றைத் தவிர்க்கலாம். அடுப்பைப் பிரிக்க முடியாது. உடன் வரும் முஸ்லிம் நண்பர்களுக்குத் தாரேயில் சாக்கேயும் மிரினும் இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ஈரலும் நெஞ்சுக்கறியும் உள்ளே சற்று இளஞ்சிவப்பாக வருவது அவர்கள் வழக்கம். வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நன்றாக வேகவைத்துத் தரக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சைவக்காரர்கள் நிலைமைதான் இக்கட்டு. காளான், பச்சை மிளகாய் வகை, கத்தரிக்காய், சுட்ட சோற்றுருண்டை எல்லாம் பட்டியலில் அழகாகத் தெரியும். ஆனால் தாரேப் பானையின் கதை மேலே சொன்னதுதான், சில கடைகளில் கோழி எலும்பையே சுட்டுப் போட்டுத்தான் அதைக் காய்ச்சுவார்கள். எல்லாவற்றையும் உப்பில் கேட்டாலும் கம்பி ஒன்றுதான். மிசோ சூப்பில் கறித்துண்டு இல்லை என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதன் உயிரே புகையூட்டிய சூரை மீன் சீவல். (இந்தச் சீவலுக்கு ஐரோப்பாவில் ஒரு தனிக் கதையே உண்டு. புகையில் உண்டாகும் சில வேதிப்பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பை ஜப்பானியச் சரக்கு தாண்டிவிடுவதால் இறக்குமதி தடைப்பட்டது. 2015 மிலான் கண்காட்சிக்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் மகுராசாக்கி ஊர்க்காரர்கள் பிரான்சின் கொன்கார்னோ துறைமுகத்திலேயே ஓர் ஆலை போட்டுவிட்டார்கள்.) புரட்டாசியிலும் வெள்ளிக்கிழமைகளிலும் இந்தப் பக்கமே வராமல் இருப்பது மனத்துக்கு நல்லது.

டுசல்டோர்ப் போகிறவர்களில் பலருக்கு ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலும் திட்டத்தில் இருக்கும். 2002-இல் குடமுழுக்கு கண்ட, ஜெர்மனித் தமிழர்கள் கட்டிய பெரிய கோயில். ஊர் நூறு கிலோமீட்டர் தூரம்தான். காலையில் கோயிலுக்குப் போய் அங்கேயே சைவச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மாலை ரயிலில் டுசல்டோர்ப் வந்து சேர்ந்தால் இரண்டும் ஒத்துப்போகும். நல்ல யாக்கிதோரிக் கடைகள் பல மாலையில்தான் திறக்கும். இருக்கைகள் குறைவு, அடுப்பைச் சுற்றிய நீண்ட பலகையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். பாட்டி, பேரன், தள்ளுவண்டி சகிதம் பதினான்கு பேர் முன்னறிவிப்பின்றி உள்ளே நுழைந்தால் யாருக்கும் நல்லதல்ல. முதல் நாளே தொலைபேசியில் கூப்பிட்டு, கரி அடுப்பா, அடுப்புக்கு எதிரே நான்கு இடம் கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். நான்கு நான்கு பேராகப் பிரிந்து வெவ்வேறு நேரத்துக்கு இடம் பிடியுங்கள். கையில் ரொக்க யூரோ இருக்கட்டும், ஜெர்மனியில் சிறு கடைகள் சில அட்டையை இன்னும் ஏற்பதில்லை. இடம் கிடைக்காத நால்வர் அதே தெருவில் ராமென் கடை வரிசையில் நிற்கலாம். அது வேகமாக நகரும்.

அன்புடன்,
கிள்ளான்வாசி ஒருவர்